கல்லாவில் யார் அமரலாம்? பார்வையற்றோரின் உணவு வணிகமும் சாதியும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் செல்லும் எவருக்கும் அந்தக் குரல்கள் பழக்கமானவை. ஒரு கையில் வெண்கோல், தோளில் பை, கழுத்தில் தொங்கும் அட்டையில் சாவிக்கொத்தும் பேனாவும், பைக்குள் கடலைமிட்டாய். நெரிசலுக்குள் வழி கண்டு, நீட்டப்படும் நாணயத்தை விரலால் அறிந்து, மீதிச் சில்லறையைத் தந்துவிட்டு அடுத்த பெட்டிக்கு மாறுகிறார்கள் பார்வையற்ற வணிகர்கள். மொத்த விலைக்குச் சரக்கு எடுப்பது, எந்த நேரத்து வண்டியில் எது விற்கும் என்று கணிப்பது, விற்காததைக் கைமாற்றுவது என ஒரு வணிகத்துக்குரிய எல்லாமே இதில் உண்டு. உரிமம் மட்டும் இல்லை.

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆவது பிரிவு, உரிமமின்றி ரயில் பெட்டியிலோ ரயில்வே இடத்திலோ பொருள் விற்பதைக் குற்றமாக்குகிறது. அதே பிரிவுதான் பிச்சை எடுப்பதையும் தடை செய்கிறது. உழைத்துப் பொருள் விற்பவரையும் கையேந்துபவரையும் ஒரே தலைப்பின்கீழ் சட்டம் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பார்வையற்ற வணிகரைப் பயணிகளும் காவலர்களும் எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதை அத்தலைப்பு சொல்லிவிடுகிறது. சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் முதற்பிரிவே, ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் கட்டடங்களுக்கும் வண்டிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று அறிவித்துவிடுகிறது. பார்வையற்ற வணிகர்கள் எந்த இடத்தில் கூடுதலாக இருக்கிறார்களோ, அந்த இடத்தைச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 'திறன் பயிற்சி' என்ற சொல்லை நாம் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்வையற்றோருக்கு உணவுச் சேவையிலும் சிறு வணிகத்திலும் பயிற்சி அளித்தால் அவர்கள் சொந்தக் காலில் நின்றுவிடுவார்கள் என்று அரசு அறிக்கைகளும் தொண்டு நிறுவனங்களின் சிற்றேடுகளும் சொல்கின்றன. பயிற்சி தேவையில்லை என்பது நம் வாதமன்று. பயிற்சி முடித்தவர் எங்கே போய் நிற்பார் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை என்பதே நம் வாதம்.

எங்களிடம் சட்ட உதவி கேட்டு வந்த ஓர் இளைஞரைக் கொண்டு இதை விளக்கலாம். பிறவியிலேயே பார்வையற்றவர், பட்டதாரி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அரசு நிதியில் நடந்த மூன்று மாத உணவுச் சேவைப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். தேநீர் போடுவது, பண்டங்களை இடம் மாறாமல் அடுக்குவது, இருப்புக் கணக்கு, சுகாதார விதிகள் எல்லாம் கற்றிருந்தார். கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, கடை இருக்கும் முகவரி கேட்டார்கள். கடை தேடிப் போனபோது, ஒருவர் "கண்ணு தெரியாதவர் அடுப்பு வச்சா கட்டடத்துக்கு ஆபத்து" என்றார். இன்னொருவர் சொந்த ஊரையும் தெருவையும் விசாரித்தார். விடை கேட்டபின் கடை ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகச் சொன்னார். அரசு வளாகம் ஒன்றில் சிற்றுண்டிச்சாலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். மூன்று ஆண்டு முன்னனுபவமும், அவர் குடும்பம் ஓராண்டில் கண்டிராத வைப்புத்தொகையும் கேட்கப்பட்டன. சான்றிதழை உறையிலிட்டு வைத்துவிட்டு அவர் மின்சார ரயிலுக்குப் போனார்.

இவருக்கு என்ன குறை? திறன் அன்று. இடம்.

இந்த இடத்தைச் சட்டத்தின் மூலம் உருவாக்க முடியுமா என்ற கேள்விக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு வரலாறுள்ள ஒரு விடை அமெரிக்காவில் இருக்கிறது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, 1936 ஜூன் 20 அன்று குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ராண்டால்ஃப் – ஷெப்பர்ட் சட்டம் அது. மேற்கு வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப், டெக்சாஸின் செனட்டர் மோரிஸ் ஷெப்பர்ட் ஆகியோர் பெயரில் வழங்குவது. கூட்டாட்சி அரசின் கட்டடங்களில் செய்தித்தாள், மிட்டாய், புகையிலை போன்றவற்றை விற்கும் சிறு கடைகளைப் பார்வையற்றோர் நடத்த அது வழி செய்தது. தொடக்கத்தில் இது அனுமதி மட்டுமே. 1954இல் முன்னுரிமைச் சலுகையாகி, 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் கட்டாயப்படுத்தக்கூடிய உரிமையாயிற்று. சிறு கடை என்ற வரையறை அப்போது விரிந்து, உணவகங்களையும் காசு போட்டால் பண்டம் தரும் தானியங்கி விற்பனை இயந்திரங்களையும் உள்ளடக்கியது.

1974 திருத்தத்தின் உட்கூறுகள் நம் சட்டங்களில் இல்லாதவை. எனவே இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலில், இடம். 1975க்குப் பின் கூட்டாட்சி அரசு கட்டும், வாங்கும், வாடகைக்கு எடுக்கும் கட்டடங்களில் பார்வையற்ற வணிகருக்குரிய தகுந்த இடம் ஒதுக்கப்பட வேண்டும். நூறு ஊழியருக்குக் குறைவான அல்லது 15,000 சதுர அடிக்குக் குறைவான கட்டடங்களுக்கு விலக்கு. அதாவது கடைக்கான இடம் கட்டட வரைபடத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு மூலதனம். மாநில உரிம முகமையே அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி முதலிய கருவிகளையும் தொடக்கச் சரக்கையும் தருகிறது. வங்கி வாசலில் நிற்கும் கட்டம் பெரும்பாலும் இல்லை. மூன்றாவது, போட்டியாளரின் வருவாய். பார்வையற்றவரின் கடையோடு நேரடியாகப் போட்டியிடும் விற்பனை இயந்திரம் அதே வளாகத்தில் இருந்தால் அதன் வருவாய் முழுவதும் அவருக்கோ உரிம முகமைக்கோ சேர வேண்டும். நேரடிப் போட்டி இல்லையெனில் பாதி. கடையை ஒதுக்கிவிட்டு அருகிலேயே இயந்திரத்தை நிறுத்தி அவர் வயிற்றில் அடிக்கும் தந்திரத்தைச் சட்டம் முன்கூட்டியே கண்டுகொண்டது.

நான்காவதே நமக்கு மிக முக்கியமானது. ஒவ்வொரு மாநிலத்திலும் பார்வையற்ற வணிகர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று இருக்க வேண்டும். பயிற்சித் திட்டம், இட மாற்றம், நிதி ஒதுக்கீடு ஆகிய முடிவுகளில் அக்குழு பங்கேற்க வேண்டும். வணிகர்களின் நிகர வருவாயிலிருந்து பிடிக்கப்படும் தொகை கருவிப் பராமரிப்புக்கும் குறைந்தபட்ச வருவாய் உறுதிக்கும் செல்கிறது. அத்தொகையை ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பயன்படுத்தலாமா என்பதை அவர்களே பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்கிறார்கள். குறை இருந்தால் முறையான விசாரணை, பிறகு மூவர் நடுவர் குழு. அரசுத் துறையே சட்டத்தை மீறினாலும் நடுவர் முன் நிறுத்தலாம்.

பயிற்சி என்பது இந்தக் கட்டமைப்புக்குள் ஒரு படி. உரிமம் பெற முன்வருபவர் வகுப்பறையிலும், ஏற்கெனவே நடக்கும் கடைகளிலும் மாதக்கணக்கில் பயில்கிறார். கொள்முதல், விலை நிர்ணயம், உணவுப் பாதுகாப்பு, வரி, ஊழியர் மேலாண்மை, பேசும் பணப்பதிவு இயந்திரம் ஆகியவை பாடங்கள். இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வது நல்லது. 'கண் தெரியாதவர் கொதிக்கும் எண்ணெய்க்கு அருகில் எப்படி' என்றே நம்மூரில் முதலில் கேட்கிறார்கள். எண்ணெய் காய்ந்ததை ஓசையாலும், பாலின் பொங்கலை ஓசையாலும் மணத்தாலும் அறிந்து சமைக்கும் பார்வையற்ற பெண்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து யாரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. கூலியில்லாத அடுப்படியில் ஆபத்து இல்லை, கல்லாப்பெட்டி வைத்த அடுப்படியில்தான் ஆபத்து போலும். அதைவிட முக்கியமாக, அமெரிக்கத் திட்டம் பார்வையற்றவரைச் சமையற்காரராகப் பார்ப்பதில்லை, முதலாளியாகப் பார்க்கிறது. அவர் பார்வையுள்ள ஊழியர்களை வேலைக்கு வைக்கலாம். கணக்கும் முடிவும் அவருடையவை. பயிற்சியின் இலக்கு அந்த நாற்காலி.

அமெரிக்காவைச் சொர்க்கமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. பார்வையற்றோரைச் சொந்தக் காலில் நிற்கும்படி ஊக்குவிப்பது தன் நோக்கங்களுள் ஒன்று என்று அச்சட்டமே பேசுகிறது. ஊக்கம் குறைந்தவர்கள் என்ற பழைய இழிவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராணுவ உணவுக்கூடங்களின் பெரிய ஒப்பந்தங்கள் யாருக்கு என்பதில், பார்வையற்ற வணிகர்களும் பிற மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு அமர்த்தும் அமைப்புகளும் நீதிமன்றங்களில் மோதிக்கொண்டார்கள். ஒடுக்கப்பட்ட இரு பிரிவினருக்குச் சட்டம் ஒரே அப்பத்தைக் காட்டினால் நேர்வது அது. நமக்குப் பழகிய காட்சி. கோவிட் காலத்தில் அலுவலகங்கள் காலியானதும் கடைகளின் வருவாய் சரிந்தது. 2021ஆம் நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டில் நாடாளுமன்றம் இவர்களின் இழப்பீட்டுக்கென 2 கோடி டாலர் தனியே வைத்தது. நம் நாட்டில் எஸ்.டி.டி. தொலைபேசி நிலையங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்டதும், கைப்பேசி வந்ததும் அவை ஓசையின்றி மறைந்ததும் நினைவிருக்கும். கூண்டு போனது; கூண்டுக்குள் இருந்தவர் என்ன ஆனார் என்று எந்த அவையும் கேட்கவில்லை. அமைப்பாகத் திரண்ட வணிகர்களுக்கும், தனித்தனியாகச் சலுகை பெற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அந்த அமைப்பாக்கத்தின் பின்னே இருந்தவர்களுள் ஒருவரை இந்திய வழக்கறிஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1940இல் அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பை நிறுவிய ஜேக்கோபஸ் டென்புரூக் பார்வையற்ற அரசமைப்புச் சட்ட அறிஞர். அமெரிக்க அரசமைப்பின் 14ஆவது திருத்தம் அடிமைமுறை எதிர்ப்பு இயக்கத்திலிருந்து பிறந்ததை ஆராய்ந்து 1951இல் நூல் எழுதியவரும் அவரே. சமத்துவப் பாதுகாப்பு குறித்து 1949இல் அவர் டஸ்மனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையை, நம் உச்ச நீதிமன்றம் 1974இல் அம்பிகா மில்ஸ் வழக்கில் 14ஆவது உறுப்பை விளக்கக் கையாண்டது. கறுப்பின விடுதலையின் சட்டத்தை ஆராய்ந்த ஒருவரே பார்வையற்றோரின் உரிமையையும் அதே சட்டத்தின் மொழியில் கோரினார். இந்தத் தொடர்ச்சி நமக்குப் பயன்படக்கூடியது.

ஏனெனில் நம் நாட்டில் உணவுக் கடையின் கல்லாவில் அமர்பவர் பார்வையற்றவரா என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வி, அவர் யார் என்பது.

அரசமைப்பின் 15(2) உறுப்பு, கடைகளிலும் உணவகங்களிலும் நுழைவதற்குச் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. தலித் மக்களைக் கடை வாசலில் நிறுத்திய சமூகத்துக்கு எதிராக எழுதப்பட்ட உறுப்பு அது. வாங்க வருபவராகவே தலித்தை அது கண்டது. விற்பவராகத் தலித் அமர்ந்தால் வாங்க மறுக்கும் சமூகத்தை அந்த உறுப்பு நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் அண்ணல் அம்பேத்கர் இதை மிக முன்னரே கண்டிருந்தார். வட்டமேசை மாநாட்டில் அவர் அளித்த பாதுகாப்புத் திட்டத்தில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று கோரி, 1922ஆம் ஆண்டு பர்மா புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை முன்மாதிரியாகக் காட்டினார். ஊர்க் கடைக்காரர் பொருள் தர மறுப்பது, வேலை தர மறுப்பது ஆகியவையே நேரடி வன்முறையைவிடக் கொடிய ஆயுதங்கள் என்பது அவருடைய மதிப்பீடு. 2015 திருத்தத்துக்குப் பின் நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பு தனிக் குற்றமாயிற்று. வணிகம் செய்ய மறுப்பதும் அதன் வரையறைக்குள் வருகிறது. தொழிலோ வணிகமோ செய்யவிடாமல் தடுப்பதும் குற்றம்.

ஏட்டில் உள்ள இந்தப் பாதுகாப்பு தேநீர்க் கடை வாசலில் எப்படி வேலை செய்கிறது? வாடிக்கையாளர் ஒருவர் அடுத்த கடைக்கு நடந்து போவதைக் குற்றமாக நிறுவ முடியாது. நூறு பேர் அப்படி நடந்து போனால் கடை மூடப்படும். ஆனால் யாரும் எதையும் மறுத்ததாகப் பதிவு இருக்காது. சத்துணவுக் கூடங்களில் மட்டும் அது வெளிப்படையாகத் தெரிகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சமைப்பதை ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அவரை அதிகாரிகள் இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு வலுத்தபின் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. அதுவே தனியார் கடையாக இருந்திருந்தால் ஆணையும் இல்லை, அதைத் திரும்பப் பெற அதிகாரியும் இல்லை.

2024 ஜூலையில் கன்வர் யாத்திரைப் பாதையில் உணவகங்கள் உரிமையாளர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேசத்தில் உத்தரவிட்டார்கள். ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. உடனடி இலக்கு இசுலாமியர். ஆனால் உணவின் பின்னே இருக்கும் கையின் பெயரைக் கேட்கும் பழக்கம் சாதியத்திடமிருந்து பெற்றது. தமிழ்நாட்டில் உணவகப் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்ததும், அதை அழிக்கத் தந்தை பெரியார் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன் மறியல் நடத்தியதும் வரலாறு. அதற்கு முன், ரயில் நிலைய உணவுக் கூடங்களில் பிராமணருக்கும் ஏனையோருக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1940களின் தொடக்கத்தில் நிர்வாகம் அவற்றை நீக்கியது. தனியார் பலகையை அழிக்க ஊர்வலமும் சிறையும் தேவைப்பட்டன. பொது நிர்வாகத்தின் கையில் இருந்த இடத்தில் ஓர் ஆணையால் பலகை இறங்கிற்று.

நம் வாதத்தின் மையம் இங்கேதான். தலித் பார்வையற்றவரின் உணவு வணிகம் தனியார் தெருவில் தொடங்கினால், முதல் நாளிலிருந்தே சாதியின் தயவில் நிற்கும். அரசு வளாகத்தில் தொடங்கினால், வாடிக்கையாளர் புறக்கணித்தாலும் இடத்தைப் பறிக்க முடியாது. வாடகையை உயர்த்தித் துரத்த முடியாது. புறக்கணிப்பு நடந்தால் பொறுப்பேற்க ஓர் அதிகாரி இருப்பார். ஆட்சியர் அலுவலகம், நீதிமன்ற வளாகம், அரசு மருத்துவமனை, பேருந்து நிலையம், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சிற்றுண்டிச்சாலைகள் வெறும் வாடகை வருவாய்க் கணக்குகள் அல்ல. சமத்துவத்தை நடைமுறைப்படுத்த அரசுக்குக் கிடைத்துள்ள மிக எளிய களங்கள் அவை.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா? ஓரளவு தருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 37ஆவது பிரிவு, வறுமை ஒழிப்பு மற்றும் வளர்ச்சித் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கீட்டையும், தொழிலும் வணிகமும் தொடங்கச் சலுகை விலையில் தரும் நிலத்தில் 5 விழுக்காடு ஒதுக்கீட்டையும் அறிவிக்கை மூலம் திட்டமாக்குமாறு அரசுக்குக் கட்டளையிடுகிறது. 19ஆவது பிரிவு சுயதொழிலுக்குச் சலுகைக் கடனையும், திறன் பயிற்சி மற்றும் சுயதொழிலின் முன்னேற்றம் குறித்த பகுப்புத் தரவுகளையும் கோருகிறது. அரசுக் கட்டடத்தில் கடைக்கான இடம் என்பது மட்டும் எங்கும் பெயர் சொல்லிக் கூறப்படவில்லை. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஆவின் பாலகங்கள் ஒதுக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கந்தான். ஆயினும் அது நிர்வாகத்தின் கருணையைச் சார்ந்தது. மறுக்கப்பட்டால் நடுவர் முன் நிறுத்தும் உரிமை அதில் இல்லை. சாலையோர வியாபாரிகள் சட்டத்தில் நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்; அவர்களுள் பட்டியல் சாதியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய பிரதிநிதித்துவம் வேண்டும். அமெரிக்க வணிகர் குழுவுக்கு மிக அருகில் வரும் நம் நாட்டுக் கருவி இதுவே. ஆனால் ரயில் நிலையத்துக்கு வெளியே மட்டும்.

இன்னொரு சிக்கல், எங்கள் இளைஞரைப் போன்றவர்கள் எந்த வரிசையில் நிற்பது என்பது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு; பட்டியல் சாதியினருக்குள் அது 2.45 விழுக்காடு. ஊட்டமின்மையும் மருத்துவமின்மையும் ஆபத்தான தொழில்களும் இந்த வேறுபாட்டில் இருக்கின்றன. அக்கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். ஆனால் நிர்வாகம் அவர்களை இரண்டு சாளரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒரு நிதிக் கழகம், மாற்றுத்திறனாளிகளுக்கு 1997இல் அமைக்கப்பட்ட இன்னொரு நிதிக் கழகம். தாட்கோவில் போய்க் கேட்டால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் தாட்கோவைக் கைகாட்டுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டுக்குள் சாதி கேட்கப்படாதபோது, வீட்டில் முதலும் ஊரில் கடையும் உடைய பிற சாதி மாற்றுத்திறனாளி முன்னே போய்விடுகிறார். பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் ஊனம் கேட்கப்படாதபோது பார்வையுள்ளவர் முன்னே போய்விடுகிறார். வேலைவாய்ப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு கிடைமட்டமாக எல்லாப் பிரிவுகளையும் ஊடுருவிச் செல்லும் என்று இந்திரா சாஹ்னி வழக்கில் 1992இலேயே சொல்லப்பட்டுவிட்டது. கடை ஒதுக்கீட்டில் அந்தக் கோட்பாட்டைக் கொண்டுவரத் தடை ஏதுமில்லை. கொண்டுவர வேண்டும் என்று கேட்டவர்கள்தாம் குறைவு.

2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணின் நிலையை, சாதி, பாலினம், ஊனம் ஆகியவை ஒன்றையொன்று வெட்டும் இடமாகக் கண்டு விரிவாக எழுதியது. அதே தீர்ப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையைப் போதிய நிரூபணமில்லை என்று நீக்கியது. ஒடுக்குமுறைகளின் பிணைப்பை நீதிமன்றம் கோட்பாடாக ஏற்கும். சான்றாக ஏற்பது கடினம். வணிக உரிமைக் களத்தில் அந்த அனுபவம் நமக்கு எச்சரிக்கை. வழக்கு தொடுக்கும்போதே இரு அடையாளங்களையும் சேர்த்து, தரவோடு வைக்க வேண்டும். அத்தரவைச் சேர்க்கும் கடமை 19ஆவது பிரிவின்படி அரசுக்கு உண்டு. அதைச் சாதிவாரியாகவும் பகுத்துத் தரும்படி தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்பதே முதல் வேலை.

பணத்தாள் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் எல்லா மதிப்புத் தாள்களும் ஒரே அளவு. அது பார்வையற்றோருக்கு எதிரான பாகுபாடு என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. நம் புதிய தாள்களில் 100, 200, 500 ரூபாய்கள் ஒரே அகலமும் நீளத்தில் நான்கு நான்கு மில்லிமீட்டர் வேறுபாடும் கொண்டவை. பணமதிப்பிழப்புக்கு முன் விரலுக்குத் தெரிந்த தாள்கள் ஒரே இரவில் அந்நியமாயின. ரிசர்வ் வங்கி 2020இல் கைப்பேசிச் செயலி ஒன்றை வெளியிட்டது. ரயில் பெட்டியின் நெரிசலில் அதைப் பிடித்துப் பார்க்க யாருக்கு நேரம்? பணம் வந்ததை உரக்கச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டிதான் இவர்களுக்குப் பெரிதும் உதவுகிறது. அதை யாரும் பார்வையற்றோருக்கென்று செய்யவில்லை.

பார்வையற்றோர் நீதிபதிகளாகலாம் என்று 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்தியப் பிரதேச விதியின் தடை நீங்கியது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. அந்த நீதிபதி அமரும் வளாகத்தின் சிற்றுண்டிச்சாலையைப் பார்வையற்ற ஒருவர் நடத்தலாமா என்ற கேள்வியை இனி எழுப்ப வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. நகராட்சிக் கடைகளின் ஏல விதிகள் அந்த உறுப்பினர்களின் மேசைக்கு வர வேண்டும். நியமனத்தில் பட்டியல் சாதியினரும் இருக்க வேண்டும்.

எங்கள் இளைஞருக்காக மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு ஒன்று அளித்திருக்கிறோம். அதில் நான்கு கோரிக்கைகள். அரசு வளாகச் சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தங்களில் ஐந்து விழுக்காட்டை 37ஆவது பிரிவின்கீழ் அறிவிக்கை செய்தல். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடி மாற்றுத்திறனாளிகளுக்கு உள் ஒதுக்கீடு, பெண்களுக்கு முன்னுரிமை. அவர்களுக்கு வைப்புத்தொகையையும் முன்னனுபவ நிபந்தனையையும் நீக்கி, பயிற்சிச் சான்றிதழையே தகுதியாக ஏற்றல். கருவியும் தொடக்கச் சரக்கும் தாட்கோ, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆகிய இரண்டின் கூட்டு நிதியிலிருந்து தருதல். ஒதுக்கீடு பெற்றவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குக் கடை மாற்றத்திலும் நீக்கத்திலும் வாக்குரிமை தருதல். நான்காவது கோரிக்கையைப் பார்த்த அலுவலர் ஒருவர், கடை கொடுத்தால் போதாதா, குழு எதற்கு என்று கேட்டார். எஸ்.டி.டி. கூண்டுகளை அவருக்கு நினைவூட்டினோம். மனு எண் தந்திருக்கிறார்கள். விசாரணைத் தேதி இன்னும் குறிக்கப்படவில்லை.